ஏமாந்த விடுமுறைக்கு விலை என்ன? 63 பவுண்டு கட்டியவருக்கு 125 பவுண்டு கிடைத்த கதை

கடையில் அரிசி வாங்குகிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிக்குப் பாதி கல். உடனே திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கி விடலாம்.

ஆனால், விடுமுறையை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

போன நாள் போனதுதான். விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி, பெட்டி படுக்கையோடு புறப்பட்டுப் போகிறோம். போன இடத்தில் சொன்னது எதுவும் இல்லை. அப்போது நஷ்டம் பணம் மட்டும்தானா? ஓர் ஆண்டாகக் காத்திருந்த சந்தோஷமும் அல்லவா போய் விடுகிறது! அந்தச் சந்தோஷத்துக்கு யார் விலை கொடுப்பது?

இந்தக் கேள்வி 1972-ம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டின் அப்பீல் கோர்ட்டுக்கு வந்தது. அந்த வழக்குக்கு "ஜார்விஸ் எதிர் ஸ்வான்ஸ் டூர்ஸ்" என்று பெயர். சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். படித்து விட்டுச் சிரிக்கவும் செய்கிறார்கள்!

ஆண்டுக்கு ஒரு முறை

ஜார்விஸ் ஒரு வக்கீல். லண்டன் பக்கத்தில் உள்ளாட்சி மன்றம் ஒன்றில் வேலை பார்த்தார். அவருக்கு ஆண்டுக்கு 2 வாரம்தான் விடுமுறை. மற்றவர்கள் கோடை காலத்தில் ஊர் சுற்றப் போவார்கள். அவருக்கோ குளிர் காலம்தான் பிடிக்கும். பனி மலையில் சறுக்கி விளையாட வேண்டும் என்று ஆசை.

1969-ம் ஆண்டில் ஓர் உல்லாசப் பயணக் கம்பெனியின் விளம்பரப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. சுவிட்சர்லாந்து நாட்டில் மோர்லியால்ப் என்ற மலை ஊர். கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே போய் 15 நாள் தங்கலாம் என்று அதில் போட்டிருந்தது.

ஆகஸ்டு மாதத்தில் ஜார்விஸ் பணம் கட்டினார். பண்டிகைக் காலக் கூடுதல் கட்டணமும் சேர்த்து 63.45 பவுண்டு. டிசம்பர் 20-ந் தேதி விமானத்தில் புறப்பட்டு, ஜனவரி 3-ந் தேதி திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

நான்கு மாதம் அவர் அந்த நாளை எண்ணிக் காத்திருந்தார்.

புத்தகத்தில் சொன்னது

அந்த விளம்பரப் புத்தகம் என்னவெல்லாம் சொன்னது தெரியுமா?

ஓட்டலில் விருந்தினர் எல்லோரும் ஒரே குடும்பம் போல் கூடிக் குதூகலமாக இருக்கலாம் என்றது. வந்த அன்றே வரவேற்பு விருந்து. ஏழு நாள் மாலையில் தேநீரும் கேக்கும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சுவிஸ் சாப்பாடு. ஒரு நாள் மாலை, மலைநாட்டுப் பாட்டுக் கச்சேரி. கடைசியில் பிரிவு உபசார விருந்து. அவ்வளவுக்கும் தனிக் கட்டணம் கிடையாது!

ஓட்டலிலேயே மதுபான அறை உண்டு. வாரத்தில் பல நாள் மாலையில் அது திறந்திருக்கும். ஓட்டல் முதலாளி நன்றாக ஆங்கிலம் பேசுவார். கம்பெனியின் பிரதிநிதி கூடவே இருந்து உதவி செய்வார். பனியில் சறுக்குவதற்கு வேண்டிய கட்டைகளும், கோல்களும், பூட்சுகளும் வாடகைக்குக் கிடைக்கும். இப்படிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது.

படித்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

போய்ப் பார்த்தால்...

ஜார்விஸ் போய்ச் சேர்ந்தார். முதல் வாரத்தில் ஓட்டலில் இருந்தவர்கள் 13 பேர். "சரி, கூட்டம் கொஞ்சம் குறைவு. பரவாயில்லை" என்று யாரும் தேற்றிக் கொள்ளலாம். ஆனால் இரண்டாவது வாரத்தில் என்ன ஆயிற்று?

அந்தப் 13 பேரில் மற்றவர்கள் எல்லோரும் போய் விட்டார்கள். புதிதாக ஒருவரும் வரவில்லை. ஜார்விஸ் மட்டும் தன்னந்தனியாக இருந்தார். எல்லோரும் கூடிக் களிக்கும் விருந்து என்றார்கள். ஒரே ஓர் ஆள் யாரோடு கூடுவது? யாரோடு களிப்பது?

பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை. ஆங்கிலம் பேசுவார் என்று சொன்ன முதலாளிக்கு ஆங்கிலம் தெரியவில்லை! கம்பெனிப் பிரதிநிதி முதல் வாரத்தில் வந்தார். இரண்டாவது வாரத்தில் அவரும் இல்லை.

பனிச் சறுக்காவது நன்றாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. சறுக்கும் இடம் தொலைவில் இருந்தது. முழு நீளச் சறுக்குக் கட்டை கிடைக்கவில்லை. 3 அடி நீளத்தில் சின்னக் கட்டைகள்தான் இருந்தன. இரண்டாவது வாரத்தில் எப்படியோ நீளக் கட்டை கிடைத்தது. ஆனால் பூட்சு காலைக் கடித்து விட்டது. இரண்டே நாள்தான்! அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

மாலையில் தேநீருக்குக் கேக் என்றார்கள் அல்லவா? வந்தது உருளைக்கிழங்கு வறுவலும், காய்ந்து போன சிறு பருப்புக் கேக்கும். மதுபான அறை ஓட்டலை ஒட்டிய ஆளில்லாத கட்டடம். அது திறந்தது ஒரே ஒரு நாள் மாலையில் மட்டும்.

பாடகர் வந்தார், பாடினார், போனார்!

எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை அந்தப் பாட்டுக் கச்சேரி.

ஆல்ப்ஸ் மலை மக்கள் குரலை ஏற்றியும் இறக்கியும் ஒரு விதமாகப் பாடுவார்கள். மலைக்கு மலை எதிரொலிக்கும். அதைக் கேட்கத்தான் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கியிருப்பதாக விளம்பரம் சொன்னது.

அன்று மாலை உள்ளூர்க்காரர் ஒருவர் வந்தார். வேலை செய்த உடுப்பைக்கூட அவர் மாற்றவில்லை. நான்கைந்து பாட்டை மளமளவென்று பாடினார். கச்சேரி முடிந்து விட்டது!

பாவம், பாடியவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கச்சேரி என்று புத்தகத்தில் போட்டுப் பணம் வாங்கியவர்கள் அல்லவா பதில் சொல்ல வேண்டும்?

முதல் கோர்ட்டில் பாதிப் பணம்

ஜார்விஸ் ஊர் திரும்பினார். சும்மா இருக்கவில்லை. கம்பெனி மீது வழக்குப் போட்டார்.

முதலில் வழக்கை விசாரித்த நீதிபதி, விளம்பரத்தில் சொன்னபடி நடக்கவில்லை என்பதை ஒப்புக் கொண்டார். ஆனால் அவர் கணக்கு வேறு விதமாக இருந்தது. விமானத்தில் கூட்டிப் போனார்கள், கூட்டி வந்தார்கள். படுக்க இடம் கொடுத்தார்கள். சாப்பாடு போட்டார்கள். ஆகவே கொடுத்த பணத்தில் பாதிக்காவது பலன் கிடைத்து விட்டது. மீதிப் பாதியைத் திருப்பிக் கொடுத்தால் போதும். இதுதான் அந்தக் கணக்கு.

அவர் கொடுக்கச் சொன்னது 31.72 பவுண்டு.

ஜார்விசுக்கு இது நியாயமாகப் படவில்லை. ஓர் ஆண்டின் ஒரே விடுமுறை பாழாய்ப் போனதற்கு இதுதானா? அவர் அப்பீல் செய்தார்.

மழையில் நடந்த குடும்பம்

அப்பீலில் ஒரு பெரிய தடை இருந்தது. "ஒப்பந்தத்தை மீறினால் பண நஷ்டத்துக்குத்தான் ஈடு, மன வருத்தத்துக்கு ஈடு கிடையாது" என்பது அந்நாட்டில் நெடுங்காலமாக இருந்து வந்த விதி.

அதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. அது 1875-ம் ஆண்டின் தீர்ப்பு. ஒருவர் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் ரெயில் ஏறினார். அவர்கள் போக வேண்டிய ஊர் ஹாம்ப்டன் கோர்ட். ரெயிலோ வேறு வழியில் போய், ஈஷர் என்ற ஊரில் அவர்களை இறக்கி விட்டது. நள்ளிரவு. வண்டி கிடைக்கவில்லை. தங்க இடமும் இல்லை. மழையில் பல மைல் தூரம் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். மனைவிக்குச் சளி பிடித்து உடல் நலம் கெட்டது.

நடந்த சிரமத்துக்கு 8 பவுண்டு, மனைவியின் நோய்க்கு 20 பவுண்டு என்று ஜூரிகள் கூறினார்கள். மேல் கோர்ட்டு 8 பவுண்டை மட்டுமே அனுமதித்தது. உடம்பு பட்ட சிரமத்துக்குப் பணம் உண்டு. மனம் பட்ட வேதனைக்கு இல்லை என்று அந்த வழக்கில் பேசப்பட்டது.

இப்படி ஏறக்குறைய 100 ஆண்டுகள் ஓடி விட்டன.

மூன்று நீதிபதிகள் சொன்னது

ஜார்விஸ் அப்பீலை விசாரித்தவர்கள் மூன்று நீதிபதிகள். அவர்களின் தலைவர் டென்னிங் பிரபு. பழைய விதி என்பதற்காகவே அதைக் கட்டிக் கொண்டு அழ மாட்டார் என்று பேர் வாங்கியவர் அவர். எளிய, சின்னச் சின்ன வாக்கியங்களில் தீர்ப்பு எழுதுவார். சாதாரண மக்களுக்கும் அது புரியும்.

பழைய விதி இந்தக் காலத்துக்கு ஒத்து வராது என்றார் டென்னிங் பிரபு. எல்லா ஒப்பந்தமும் ஒரே மாதிரி அல்ல. நிலக்கரி வாங்குவது ஓர் ஒப்பந்தம். உல்லாசப் பயணம் போவது வேறு ஒப்பந்தம். பின்னதில் விற்கப்படும் சரக்கே சந்தோஷம்தான்! சந்தோஷத்தை விற்பதாகச் சொல்லிப் பணம் வாங்கியவர், அதைக் கொடுக்கவில்லை என்றால், அந்த ஏமாற்றத்துக்கும் ஈடு செய்யத்தான் வேண்டும்.

அவர் ஓர் உதாரணமும் காட்டினார். ஒருவர் இசை நாடகம் பார்க்க டிக்கெட் வாங்குகிறார். அந்த ஓர் இரவுதான் அவரால் போக முடியும். வாடகைக்குக் கார் ஏற்பாடு செய்கிறார். கார் வரவில்லை. டிக்கெட் பணம் மட்டும் கொடுத்தால் போதுமா? அவர் அடைந்த ஏமாற்றத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார்.

மற்ற இரு நீதிபதிகளும் இதை ஏற்றார்கள். கட்டிய தொகைக்கு மேல் ஈடு கொடுக்கக் கூடாது என்று கட்டாயம் இல்லை என்பது முடிவாயிற்று.

கம்பெனி கொடுக்க வேண்டிய நஷ்டஈடு 125 பவுண்டு என்று தீர்ப்பு வந்தது. கட்டிய பணத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு!

இலங்கைக்கு வந்த குடும்பம்

அடுத்து வந்த புகழ் பெற்ற வழக்கு, இலங்கையில் நடந்த ஒரு விடுமுறை பற்றியது.

ஜாக்சன் என்பவர் 1971-ம் ஆண்டு ஜனவரியில் மனைவியோடும் சிறு பிள்ளைகளோடும் 4 வாரம் தங்குவதற்காக இலங்கைக்கு வந்தார். அப்போது அந்த நாட்டுக்குச் சிலோன் என்று பெயர். கட்டிய பணம் 1,200 பவுண்டு. அந்தக் காலத்தில் அது பெரும் தொகை.

முதலில் பதிவு செய்த ஓட்டல், அவர்கள் புறப்படும் சமயத்தில் கட்டி முடிக்கப்படவில்லை! வேறு ஓட்டலில் தங்க வைத்தார்கள். பிள்ளைகளின் அறைச் சுவரில் பூஞ்சைக் காளான். அந்த அறையில் அவர்களைப் படுக்க வைக்க முடியவில்லை. சாப்பாடும் பிடிக்கவில்லை. பிறகு முதல் ஓட்டலுக்கே மாறினார்கள். அங்கே கட்டட வேலை இன்னும் நடந்து கொண்டிருந்தது!

கோர்ட்டு 1,100 பவுண்டு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. கம்பெனி அப்பீல் செய்தது. "ஒப்பந்தம் போட்டவர் குடும்பத் தலைவர் ஒருவர்தானே? மனைவி மக்களின் வருத்தத்துக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?" என்ற கேள்வி எழுந்தது.

டென்னிங் பிரபு ஒப்பவில்லை. தகப்பன் பணம் கட்டியது குடும்பம் முழுவதற்கும்தான். எல்லோருடைய ஏமாற்றத்துக்கும் சேர்த்து அவர் கேட்கலாம் என்றார். 1,100 பவுண்டு நிலைத்தது.

அவர் சொன்ன காரணத்தைப் பிற்காலத்தில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் முழுமையாக ஏற்கவில்லை. ஆனால் தொகை சரி என்பதை அவர்களும் மறுக்கவில்லை. 1992-ம் ஆண்டில் பிரிட்டனில் வந்த உல்லாசப் பயண விதிகள் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்தன. யார் பெயரில் பதிவு செய்தாலும், கூடப் போகிறவர்களுக்கும் உரிமை உண்டு என்று ஆயிற்று.

10 வயதுச் சிறுமிக்கு வெற்றி

2002-ம் ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றமும் இதே வழியில் ஒரு தீர்ப்புக் கூறியது.

ஆஸ்திரிய நாட்டுக் குடும்பம் ஒன்று 1997-ம் ஆண்டில் துருக்கிக்கு உல்லாசப் பயணம் போனது. அவர்களுடன் 10 வயது மகளும் சென்றாள். ஓட்டல் சாப்பாட்டில் இருந்த கிருமியால் சிறுமிக்குக் கடும் வயிற்று நோய். மீதி விடுமுறை படுக்கையிலும் கவலையிலும் கழிந்தது.

நோயின் வலிக்கு மட்டும் ஈடு உண்டு; விடுமுறை கெட்டதற்கு இல்லை என்றது கீழ்க் கோர்ட்டு. ஐரோப்பிய நீதிமன்றமோ, விடுமுறையின் இன்பம் கெட்டதற்கும் ஈடு கேட்கச் சட்டத்தில் உரிமை உண்டு என்று கூறி விட்டது.

ஜெர்மனியின் விலைப் பட்டியல்

ஜெர்மானியர்கள் எதையும் கணக்குப் போட்டுச் செய்கிறவர்கள். பிராங்க்பர்ட் நகரக் கோர்ட்டு 1985-ம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டது. எந்தக் குறைக்கு எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்று அதில் நூற்றுக்கு இத்தனை என வரிசையாகப் போட்டிருந்தது!

கடல் தெரியும் அறை என்று சொல்லிக் கடல் தெரியவில்லையா? நூற்றுக்கு 5 முதல் 10 வரை. நீச்சல் குளம் இல்லையா? 10 முதல் 20 வரை. இரவில் தூங்க விடாமல் இரைச்சலா? 10 முதல் 40 வரை. அறையில் பூச்சித் தொல்லையா? 10 முதல் 50 வரை. தினமும் ஒரே மாதிரிச் சாப்பாடா? அதற்கும் 5 உண்டு!

கணக்கு எளிது. 14 நாள் பயணத்துக்கு ஒருவர் 1,400 யூரோ கட்டினார் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு 100 யூரோ. நீச்சல் குளம் 7 நாள் மூடிக் கிடந்தது. நூற்றுக்கு 10 வீதம் நாளுக்கு 10 யூரோ. ஏழு நாளுக்கு 70 யூரோ திரும்பக் கேட்கலாம்.

இந்தப் பட்டியல் சட்டம் அல்ல. எல்லா நீதிபதிகளையும் அது கட்டுப்படுத்தாது. ஆனால் வழிகாட்டியாகப் பயன்பட்டது. இதில் இன்னொரு முக்கியமான விதி உண்டு. குறையை அங்கே இருக்கும்போதே சொல்லி விட வேண்டும். வாயை மூடிக் கொண்டு இருந்து விட்டு, ஊருக்கு வந்த பிறகு கேட்டால் பணம் கிடைப்பது கடினம். சரி செய்யக் கம்பெனிக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் அல்லவா?

நம் நாட்டில் வழி உண்டா?

உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986-ம் ஆண்டில் வந்தது. அதற்குப் பதிலாக 2019-ம் ஆண்டில் புதிய சட்டம் இயற்றப்பட்டது. அது 2020-ம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

பொய்யான உறுதி கூறுவதும், முக்கியமான விஷயத்தை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரம் என்று இந்தச் சட்டம் கூறுகிறது. இப்படி விளம்பரம் செய்கிறவர்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை போகும்.

ஆனால் அபராதப் பணம் ஏமாந்தவர் கைக்கு வராது. பணத்தைத் திரும்பப் பெறவும், நஷ்டஈடு பெறவும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேயே வழக்கை நடத்தலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்துத்தான் வாதாட வேண்டும் என்பதும் இல்லை.

கம்பெனி டெல்லியில் இருக்கிறதே, மும்பையில் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஆனால் 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன்பு 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசித் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் முறையிடலாம். சில தகராறுகள் அதிலேயே தீர்ந்து விடும்.

மறக்கக் கூடாத ஐந்து

பயணம் போகும் குடும்பங்கள் ஐந்து விஷயங்களை மனத்தில் வைப்பது நல்லது.

ஒன்று: விளம்பரத் தாளைக் குப்பையில் போடாதீர்கள். ஜார்விஸ் ஜெயித்தது அந்தப் புத்தகத்தால்தான். செல்போனில் வந்த விளம்பரமானாலும் படம் எடுத்து வையுங்கள்.

இரண்டு: வாயால் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். எந்த ஓட்டல், எத்தனை வேளைச் சாப்பாடு, எந்த வண்டி என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் பணம் கொடுக்கத் தயங்குங்கள்.

மூன்று: ரொக்கமாகக் கட்டினால் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத பணத்தைத் திரும்பக் கேட்பது பெரும்பாடு.

நான்கு: குறை இருந்தால் அங்கேயே, அன்றே சொல்லுங்கள். எழுத்தில் சொல்லுங்கள். படம் எடுத்துத் தேதி குறித்து வையுங்கள்.

ஐந்து: திரும்பி வந்ததும் கம்பெனிக்குக் கடிதம் எழுதுங்கள். என்ன சொன்னார்கள், என்ன நடந்தது, எவ்வளவு பணம் வேண்டும் என்று மூன்றையும் தெளிவாக எழுதினால் போதும். கோபமான வார்த்தை எதுவும் தேவை இல்லை. விரைவுத் தபாலில் அனுப்பி, நகலைப் பத்திரமாக வையுங்கள்.

"போனால் போகட்டும், இனி அந்தக் கம்பெனிப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம்" என்று சொல்லிப் பலர் விட்டு விடுகிறார்கள். அப்படி விடுவதால்தான் அதே விளம்பரம் அடுத்த ஆண்டும் வருகிறது. வேறொரு குடும்பம் அதை நம்பிப் பணம் கட்டுகிறது.

கேட்கிறவருக்குக் கிடைப்பது அவருடைய பணம். அவர் கேட்டதால் பிழைப்பது அடுத்த குடும்பத்தின் விடுமுறை!